ஒண்ணரை அடி வார்த்தை

வா பேராண்டி, உக்காரு. காப்பி ஆறிடும், குடி. குடிச்சுக்கிட்டே அந்தச் சீட்டுக்கட்டை இப்படிக் குடு. சீட்டு இல்லையா, பிளாஷ் கார்டா? சரி. எங்க ஊர்ல இந்தக் கனத்துக்கு ஒரு கட்டு கையில இருந்தா களத்துமேட்டுல நாலு பேரு வட்டம் கட்டி உக்காந்துடுவோம். நீ ஒண்டியா ஆடுற. ஜெயிக்கிறவனும் நீயே, தோக்குறவனும் நீயே. காசு மட்டும் கோச்சிங் சென்டர்காரன் எடுத்துக்கிறான்.

ஊர்லேருந்து நான் வந்து எறங்கின மறுநாள் விடியக்காலம் நீ பால்கனியில நின்னு, கண்ணை மூடி, என்னமோ முணுமுணுத்துக்கிட்டிருந்தே. கபாலி கோயில் மணிச் சத்தம் வேற கேக்குது. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நம்ம வம்சத்துல ஒருத்தனும் தேவாரம் படிச்சதில்லை, மயிலாப்பூர் காத்து பட்டு இவனாவது படிக்கிறானேன்னு பக்கத்துல வந்து காதைக் குடுத்தா, "அப்ஸ்டினேட், அப்ஸ்ட்ரெபரஸ், அப்ட்யூஸ்"னு ஓடுது. இது எந்தச் சாமிக்கு அர்ச்சனைன்னு ஒங்கம்மாவைக் கேட்டேன். "அமெரிக்காவுக்கு மாமா"ன்னுச்சு.

அங்க போறதுக்கு எழுதுற பரீட்சைக்கு 3500 வார்த்தை. நாளைக்கு முப்பது. நூத்துப் பதினேழு நாள். குறுவை நெல்லு வெதைச்சு, அறுத்து, களத்துக்கு வர ஏறக்குறைய அதே நாள்தான். அதனாலதான் எனக்கு ஆசை வந்துச்சு, ஒன் வெள்ளாமையைக் கொஞ்சம் பாப்போமேன்னு. திங்கக்கெழமை நட்ட முப்பதை வெள்ளிக்கெழமை கேட்டேன். ஒம்பது சொன்னே. அதுலயும் ரெண்டு, வேற அட்டையோட அர்த்தம். மீதி இருபத்தொண்ணு எங்கேன்னேன். "தெரியும் தாத்தா, வாய்ல வரமாட்டேங்குது"ன்னே. எனக்கும் அப்படித்தாண்டா, பேங்க்குல பணம் இருக்கு, கையிலதான் வரமாட்டேங்குது.

இதுல ஒரு கூத்து. நாகேஸ்வர ராவ் பூங்காவுல சாயங்காலம் என் பெஞ்சுல ஒருத்தர் வந்து உக்காருவாரு, ரிட்டயரான இங்கிலீஷ் வாத்தியார். என்னை "மிராசு"ன்னு கூப்பிடுவாரு. மூணு மா நிலம் வெச்சிருக்கிறவனை மிராசுன்னு கூப்பிடற ஒரே ஆளு உலகத்துல அவருதான். ஒன் புஸ்தகத்தை அவருகிட்ட காட்டினேன். ரெண்டு பக்கம் பொரட்டினாரு. "மிராசு, இதுல எதிர்ச்சொல் கண்டுபிடின்னு பாதி பக்கம் கெடக்கு. அந்தப் பரீட்சையில எதிர்ச்சொல் கேக்குறதையும், இதுக்கு இது மாதிரி அதுக்கு எதுன்னு கேக்குறதையும் 2011-லயே எடுத்துட்டானே"ன்னாரு. இப்ப வாக்கியத்துக்கு நடுவுல கோடு போட்டு, எந்த வார்த்தை அங்க பொருந்தும்னுதான் கேக்குறானாம். லஸ் பிளாட்பாரத்துல எண்பது ரூவாய்க்கு வாங்கினேன்னு பீத்திக்கிட்டியே, எவனோ அமெரிக்கா போயி, வேலை பாத்து, வீடு வாங்கி, புள்ளை பெத்து, அந்தப் புள்ளையே காலேஜு போற வயசு வந்திருக்கும். அவன் வீட்டுல ஒட்டடை அடிச்சப்ப விழுந்த புஸ்தகம்டா அது. விக்கிறவன் பேர்ல தப்பு சொல்லமாட்டேன். அவன் எடைக்கு வாங்கினான், நீ எடைக்குப் படிக்கிற.

போன செவ்வாக்கெழமை தி.நகர்லேருந்து ஆட்டோவுல வந்தோமே, ஞாபகம் இருக்கா? அந்தத் தம்பி முந்நூறு கேட்டுச்சு. நீ நெஞ்சை நிமித்திக்கிட்டு, "திஸ் ஈஸ் எக்ஸார்பிடன்ட்"னே. அதுக்கு அந்தத் தம்பி, "எக்ஸ்ட்ராலாம் ஒண்ணும் வேணாம் சார், முந்நூறே குடு"ன்னுச்சு. நான் அப்பறம் மெதுவா, "ஏம்ப்பா, இந்தக் காசுக்கு எங்க ஊர்லேருந்து கும்மோணம் போயி ஒரு மாசம் தெனம் காப்பி குடிச்சுட்டு வருவேனேப்பா"ன்னதும் சிரிச்சுக்கிட்டே அம்பது குறைச்சுக்கிச்சு. நீ அன்னிக்கு ராத்திரி அந்த அட்டை மூலையில டிக் போட்டே, "யூஸ் பண்ணியாச்சு"ன்னு.

படிக்கிறதுன்னு ஆயிடுச்சு, குறுக்க நிக்க மாட்டேன். ஆனா அரைகுறையாப் பண்ணக்கூடாது. இந்தக் கெழவனுக்குத் தெரிஞ்ச யோசனை சிலது சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல, சின்ன வார்த்தையால ஆகுற காரியத்துக்குச் சின்ன வார்த்தையைத் தொடவே தொடாதே. பசிக்குதுன்னு சொன்னா ஒங்கம்மா ஒடனே தோசை ஊத்திடும், ஒனக்கு என்ன மதிப்பு இருக்கும்? இங்கிலீஷ்ல ஏதாவது முழ நீளத்துக்குச் சொல்லு. அது அகராதி பாத்துட்டு வர்றதுக்குள்ள மாவு புளிச்சுடும். புளிச்ச மாவுலதான் ஊத்தப்பம் நல்லா வரும், அதுவும் ஒனக்கு லாபம். எதிராளி திருதிருன்னு முழிச்சா நிறுத்தாதே, அந்த முழிப்புதான் அறுவடை. அர்த்தம் கேட்டான்னா, "கான்டெக்ஸ்டைப் பாருங்க"ன்னுடு. எந்தக் கேள்விக்கும் தாங்கும் அது, எங்க வீட்டுத் திண்ணைத் தூண் மாதிரி. நாளைக்கு ஒனக்குப் பொண்ணு பாக்கப் போவோம். பொண்ணு காப்பித் தட்டோட வந்து நிக்கும். அழகா இருக்குன்னு சொல்லிடாதே, கேவலம். ஒன் அட்டையில இருக்கே "பல்க்ரிட்யூட்"னு, அதைச் சொல்லு. அழகுன்னுதான் அர்த்தமாம். காதுல விழறப்போ பல்லு கிட்டிப்போன மாதிரி இருக்கு. பொண்ணோட அப்பா ஓடிப்போயி டாக்டரைக் கூட்டிட்டு வருவாரு. கல்யாணம் நின்னாலும் ஒன் இங்கிலீஷ் நிக்காது.

கோவிச்சுக்காதே. ஒக்காரு. முறுக்கு எடுத்துக்க.

என் இங்கிலீஷைக் கேளு இப்ப. நான் எட்டாவதோட ஏர் புடிச்சவன். எனக்கும் இங்கிலீஷ் வரும், எண்ணி ஒரு நாப்பது அம்பது வார்த்தை. ஒண்ணும் மறக்கலை, அம்பது வருஷமா. எப்படின்னு கேளு. ஒங்க பெரிய தாத்தா வழிப் பங்காளி இருக்காரே, குடமுருட்டிக் கரையில நம்ம வயலை ஒட்டி, அவருக்கும் எனக்கும் ஒரே வாய்க்கா, ஒரே மடை. ஒரு வருஷம் மொறை மாத்தித் தண்ணியைத் திருப்பிட்டாருன்னு கும்மோணம் கோர்ட்டுக்குப் போனேன். மொத நாளே வக்கீல் வந்து, "இன்ஜங்ஷன் வாங்கியாச்சு"ன்னாரு. வீட்டுக்கு வந்து ஒங்க அப்பாயிகிட்ட சொன்னேன். "ஊசியா? யாருக்கு? ஒடம்புக்கு என்ன?"ன்னு அது அழ ஆரம்பிச்சுடுச்சு. அப்பறம் "அட்ஜர்ன்மென்ட்"னு ஒரு வார்த்தை கத்துக்கிட்டேன். பதினோரு வருஷம் கத்துக்கிட்டேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ்ஸு செலவு, வக்கீல் குமாஸ்தாவுக்குக் காப்பி, வெயில்ல மரத்தடி. நீ ஒரு வார்த்தைக்கு ஒரு அட்டை செலவு பண்றே, நான் ஒரு வார்த்தைக்கு ஒரு ஜோடி காளையை வித்தேன். மறக்குமா? "ஸ்டே", "அபிடவிட்", "எக்ஸ்பார்ட்டி" எல்லாம் அந்த மரத்தடிப் படிப்புதான். எழுத்துக்கூட்டிச் சொல்லுன்னா தெரியாது. ஆனா எவனாவது பேச்சுல தப்பான எடத்துல அதை வெச்சான்னா எனக்குச் சுருக்குன்னு தைக்கும்.

இதை வாத்தியார்கிட்ட சொன்னேன். அவரு சிரிக்கலை. "மிராசு, நான் முப்பத்தஞ்சு வருஷம் கிளாஸ்ல தொண்டை கிழியச் சொன்னதைத்தான் நீர் சொல்றீர்"ன்னாரு. 1885-ல எப்பிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத எழுத்துக்கூட்டா மனப்பாடம் பண்ணி, எத்தனை நாள்ல எவ்வளவு மறக்குதுன்னு தன் தலையையே வெச்சு அளந்தாராம். மொத ஒண்ணு ரெண்டு நாள்லயே பெரும்பங்கு போயிடுதாம். ஆனா கொஞ்சம் மறக்க விட்டு, திரும்பப் பாத்து, இன்னும் கொஞ்சம் அதிகமா மறக்க விட்டு, திரும்பப் பாத்தா தங்கிடுதாம். ஒரே நாள்ல நூறு தடவை சொல்றதைவிட அது உசத்தியாம். இதுக்கு ஜெர்மனி போகணுமா? காய்ச்சலும் பாய்ச்சலும்! வயல்ல எந்நேரமும் தண்ணி கட்டி வெச்சா வேர் அழுவும். காய விடணும், பாய்ச்சணும், மறுபடி காய விடணும். நீ முப்பது முப்பதாத் தண்ணியைத் தொறந்து விட்டுட்டு வரப்பை ஒடைச்சுக்கிட்டிருக்கே.

எத்தனை வார்த்தை தெரிஞ்சா போதும்னு கேட்டேன் அவரை. வெவசாயி, அளவு தெரியணுமில்ல. நியூசிலாந்துல பால் நேஷன்னு ஒரு பேராசிரியர், 2006-ல கணக்குப் போட்டாராம். நாவலோ பேப்பரோ, யாரு தொணையும் இல்லாம படிக்க எட்டாயிரம் ஒம்பதாயிரம் சொல் குடும்பம் வேணுமாம், பேச்சைக் காதால கேட்டுப் புரிஞ்சுக்க ஆறேழாயிரம் போதுமாம். சொல் குடும்பம்னா என்னன்னேன். தாயாடு, குட்டி, குட்டியோட குட்டி எல்லாத்தையும் ஒரு பட்டியா எண்றது. அப்படின்னா ஒன் 3500 எந்த மூலைக்கு? அதுவும் நீ எடுத்து வெச்சிருக்கிறது எல்லாம் நூறு பக்கத்துக்கு ஒரு தடவை தலைகாட்டுற வகையறா. அரிசி பருப்பு வாங்காம குங்குமப்பூவா வாங்கி அடுக்குறே.

இங்கதான் வாத்தியார் எனக்கு ஒரு வேடிக்கை காட்டினாரு. ஒன் அட்டையில இருபது முப்பதை நான் சட்டைப்பையில போட்டுக்கிட்டுப் போயிருந்தேன். (ஆமா, நான்தான் எடுத்தேன். பூனை இல்லை.) ஒவ்வொண்ணா எடுத்து, "இது யார் வீட்டுப் புள்ளை?"ன்னு கேட்டேன். அவரு லத்தீன் வழியா ஊரு பேரு சொல்லிக்கிட்டே வந்தாரு. எனக்கு மயிரு கூச்செறிஞ்சு போச்சு.

"டெலிரியம்"னு ஒண்ணு. ஜுரத்துல பெனாத்துறது. அதுல "லிரா"ன்னா உழவு சாலாம். சாலை விட்டு விலகிப் போச்சுன்னு அர்த்தம். ஏர் புடிச்சவனுக்குத்தாண்டா தெரியும் அது என்னன்னு! மாடு மெரண்டு கொழு சாலை விட்டு வரப்புல ஏறுமே, அதான் புத்தி கெட்டுப் போறது. ரோமாபுரியில ஏர் ஓட்டினவன் எவனோ, பக்கத்து வயக்காரனைப் பாத்து, "அவன் சால் தப்பிட்டான்"னு சொல்லியிருக்கான். அந்த வார்த்தை ரெண்டாயிரம் வருஷம் நடந்து வந்து ஒன் பால்கனியில நிக்குது.

ஒன் ஆட்டோ வார்த்தை, எக்ஸார்பிடன்ட். "ஆர்பிடா"ன்னா வண்டிச் சக்கரம் பதிஞ்ச தடமாம். தடத்தை விட்டு வெளிய போறதுதான் எக்ஸார்பிடன்ட். அன்னிக்கு அந்த ஆட்டோ லஸ் முனையில பிளாட்பாரத்துல ஏறிப் போச்சு பாரு, அப்ப சொல்லியிருந்தியானா பொருத்தமா இருந்திருக்கும். வாடகைக்குச் சொல்லிட்டே.

"எக்ரீஜியஸ்". ரொம்ப மோசமானதுன்னு எழுதி வெச்சிருக்கே. "கிரெக்ஸ்"னா மந்தை. மந்தையிலேருந்து தனியாத் தெரியுற ஆடு. முன்னாடி ஒசத்தியாத்தான் சொன்னானாம், மந்தையில இப்படி ஒண்ணு உண்டான்னு. அப்பறம் அதுவே வசவாப் போச்சு. ஊரோட ஒட்டாம ஒருத்தன் ஒசந்தா ஊரு என்ன பண்ணும்னு நமக்குத் தெரியாதா. சரி, மீதியைப் பாரு. "காங்கிரிகேட்" மந்தை கூடுறது, "செக்ரிகேட்" மந்தையைப் பிரிக்கிறது, "அக்ரிகேட்" மந்தையில சேக்கிறது, "கிரிகேரியஸ்" மந்தையோட சுத்துற ஆளு. அஞ்சு அட்டை போட்டு அஞ்சு நாள் மல்லுக்கட்டினியே, ஒரே பட்டி ஆடுடா எல்லாம்! காதுல ஒரே வெட்டு. கீதாரி ஒருத்தனைக் கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல ஓட்டியாந்து ஒன் வாசல்ல கட்டியிருப்பான்.

"பெக்யூனியரி"ன்னா பணம் சம்பந்தப்பட்டதாம். "பெக்கஸ்"னா மாடு, ஆடு. அவனுக்கும் மாடுதான் காசு. நம்ம பழைய தமிழ்ல மாடுன்னாலே செல்வம்னு ஒரு அர்த்தம் உண்டுன்னு வாத்தியாரே சொன்னாரு. ஒங்கப்பன் போன வாரம் "செமினார்" இருக்குன்னு அஞ்சு நட்சத்திர ஓட்டலுக்குப் போனானே, அந்த வார்த்தை எங்கேருந்து வருது தெரியுமா? நாத்தங்கால்! வெதை முளைக்கிற எடம். நான் வாழ்நாள் பூரா செமினார் நடத்தியிருக்கேண்டா, சேத்துல நின்னுக்கிட்டு. ஒரு நாள்கூட எனக்கு யாரும் பை குடுக்கலை, பேனா குடுக்கலை. "வெர்ஸ்"னா கவிதை வரி. அதுகூட ஏர் சால் முடிஞ்சு மாட்டைத் திருப்புற திருப்பம். "கல்ச்சர்"னா உழவு. சாகுபடி. மார்கழி மாசம் இந்த மயிலாப்பூர் சபா சபாவா, பட்டுப்புடவை சரசரக்க கல்ச்சர் கல்ச்சர்னு அலையுதே, அது மொத்தமும் என் வேலைதான்.

கடைசியா ஒரு அட்டை எடுத்தேன். சின்ன வார்த்தை, ஒனக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுன்னு ஒதுக்கி வெச்சிருந்தே. "ரைவல்". எதிராளி. வாத்தியார் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டே சொன்னாரு, "ரைவஸ்னா ஓடை, வாய்க்கால். ஒரே வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சுற ரெண்டு பேரு, அவங்கதான் ரைவல்." நான் கொஞ்ச நேரம் வாயே தொறக்கலை. பதினோரு வருஷம் கும்மோணம் கோர்ட்டு மரத்தடியில நின்னேனே, எந்த வக்கீலும் எனக்கு இதைச் சொல்லலை. ஒரே வாய்க்கால்ல குடிச்சவன்தான் எதிராளி. வேத்து ஆளுகிட்ட நமக்கு என்னடா சண்டை?

பூங்கா வாட்ச்மேன் வந்து விசில் ஊதுற வரைக்கும் உக்காந்திருந்தோம்.

சரி, நீ கேப்பே, கெழவா, வேர் பிடிச்சு வேர் பிடிச்சுப் படிச்சா பெரிய வார்த்தை எல்லாம் வந்துடும், அப்பறம் பேசலாமில்லன்னு. பேசு. ஆனா நம்ம வலங்கைமான்ல பொறந்த ஒருத்தர் எப்படிப் பேசினாருன்னு தெரிஞ்சுக்க. வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, 1869-ல பொறந்தவரு. ஏழைப் புரோகிதர் வீட்டுப் புள்ளை. கும்மோணத்துல படிச்சு, திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூல்ல ஹெட்மாஸ்டரா இருந்தவரு. வெள்ளைக்காரனே அவரை "வெள்ளி நாக்கு"ன்னான். 1922-ல ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடான்னு போயி, அங்க இருக்கிற நம்ம ஜனங்களுக்காக அவன் பாஷையில அவன்கிட்டயே வழக்காடினாரு. காந்தியோட சுயசரிதையை மகாதேவ தேசாய் இங்கிலீஷ்ல கொண்டுவந்தாரே, அதை வரி வரியாத் திருத்திக் குடுத்தது இவருன்னுதான் சொல்லுவாங்க. பேரைப் போடக்கூடாதுன்னு நிபந்தனையோட. நீ ஒரு வார்த்தையை ஆட்டோக்காரர்கிட்ட சொல்லிட்டு டிக் போடுறே, அவரு ஒரு புஸ்தகத்தையே திருத்திட்டு பேரை மறைச்சுக்கிட்டாரு. கடைசிக் காலத்துல இதே மயிலாப்பூர்ல, சமஸ்கிருதக் கல்லூரியில, 1944-ல ராமாயணத்தை இங்கிலீஷ்லயே சொற்பொழிவாச் சொன்னாரு. ரானடே லைப்ரரி மாடியில அவரு பேர்லதான் ஹால். அதுக்குக் கீழ நின்னுதானே நீ பானிபூரி தின்னே?

அவரு இங்கிலீஷ்ல எந்த வார்த்தையும் துருத்திக்கிட்டு நிக்காதும்பாரு வாத்தியார். தெளிஞ்ச தண்ணியில அடிமணல் தெரியுமே, அப்படி. பெரிய வார்த்தை தெரியாமலா? தெரியும், எடுக்க மாட்டாரு. பெட்டியில நகை இருக்கிறவ தெனம் அத்தனையும் போட்டுக்கிட்டுக் கோலம் போடுவாளா? இதுல ஒரு வேடிக்கை. இங்கிலீஷ்ல ஒருத்தனும் குறை சொல்ல முடியாத மனுஷன், தமிழ்ல மாட்டிக்கிட்டாரு. 1940-ல கலைச்சொல் ஆக்குறதுக்கு சர்க்கார் போட்ட கமிட்டிக்கு அவரைத் தலைவராக்கினாங்க. சமஸ்கிருதமாக் கொட்டப் போறாருன்னு தமிழறிஞருங்க சண்டைக்கு வந்துட்டாங்க. ஊர்க்காரருன்னாலும் சொல்றேன், சண்டை நியாயம்தான்.

அவரு படிச்ச அதே கும்மோணம் காலேஜுல, அவருக்கு அப்பறம் ஒரு பையன் சேந்தான். கணக்குல புலி. இங்கிலீஷ் கட்டுரையில கோட்டை விட்டான், ஸ்காலர்ஷிப் போச்சு. பேரு ராமானுஜன். 1913 ஜனவரியில, மெட்ராஸ் துறைமுகத்துல குமாஸ்தாவா இருந்துக்கிட்டு, கேம்பிரிட்ஜ்ல ஹார்டிங்கிற கணக்கு மேதைக்கு லெட்டர் போட்டாரு. வருஷத்துக்கு இருபது பவுண்டு சம்பளம், பட்டம் கிடையாதுன்னு நேராச் சொல்லிட்டு, கணக்கை அடுக்கிட்டாரு. அந்த லெட்டர்ல ஒன் அட்டை வார்த்தை எத்தனை இருந்திருக்கும்னு நெனைக்கிறே? சொல்ல வேண்டியது அவருகிட்ட இருந்துச்சு, வார்த்தை கூலிக்கு வந்து நின்னுச்சு.

அதே மாதிரி, நீ மட்டும்தான் அவன்கிட்ட கடன் வாங்குறேன்னு நெனைக்காதே. நம்ம வீட்டுலேருந்து அவன் தூக்கிட்டுப் போனதும் கொஞ்சமில்லை. கட்டுமரம் "கட்டமரான்" ஆச்சு. சுருட்டு "செரூட்". மெளகுத்தண்ணி "மல்லிகட்டானி". குருந்தக்கல்லு "கொரண்டம்". கறி ஒலகம் பூரா கறிதான். நம்ம அணைக்கட்டைக்கூட விடலை, "அனிகட்". 1836-ல ஆர்தர் காட்டன் கொள்ளிடத்துல கட்டினாரே, அந்த எடத்துல பாலம் தாண்டுறப்பல்லாம் நீ பஸ்ஸுல தூங்கிட்டிருப்பே. இதையெல்லாம் தொகுத்து எழுதினதுல ஒருத்தர் நம்ம தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்த பர்னல். யூல்னு இன்னொருத்தரோட சேந்து போட்ட அகராதி, "ஹாப்சன் ஜாப்சன்", 1886-ல வந்துச்சு. பாவம், பர்னல் அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே போயிட்டாரு. ஆக்ஸ்போர்டு அகராதிக்காரன் 2016-ல "ஐயோ"வைச் சேத்தான். ஒங்க அப்பாயி அந்த வார்த்தையில அறுபது வருஷ சர்வீஸ்.

ஒரே ஒரு அட்டையை மட்டும் கிழிச்சுப் போட்டுட்டேன், சொல்லிடறேன். "பரையா". ஊரை விட்டு ஒதுக்கப்பட்டவன்னு எழுதி வெச்சிருக்கே. நம்ம ஊர்ல பறை அடிச்ச ஜனங்களோட பேருடா அது. என் வயல்ல நாத்து நட்டு என் சோத்துக்கு வழி பண்ணின கை. நாம பண்ணின பாவத்தை வெள்ளைக்காரன் ஒரு வார்த்தையாப் புடிச்சு கப்பல் ஏத்திட்டான். பரீட்சையில வந்தா எழுதிக்க, வேற வழியில்லை. வாயால சொல்லாதே.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், ஒண்ணரை அடி. வாத்தியார் எனக்குன்னு ஒரு வார்த்தை குடுத்தாரு, "ஸெஸ்க்விபெடேலியன்". ஒண்ணரை அடி நீள வார்த்தைன்னு அர்த்தம். ஹோரஸ்னு ரோமாபுரிக் கவிராயர், பெருசு பெருசாப் பேசுறவங்களை ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே அப்படிக் கிண்டல் பண்ணினாராம். ஒன் பேச்சைக் கேட்டா எனக்கு அந்த ஆளு ஞாபகம்தான் வருது. நாலு நாளா அதைச் சொல்லிச் சொல்லிப் பாக்குறேன், பல்செட்டு கழண்டுக்குது. நேத்து மாட வீதியில காய்கறிக்காரம்மாகிட்ட, "இது என்னம்மா, ஸெஸ்க்விபெடேலியன் பொடலங்கா"ன்னேன். "அது நாட்டுப் பொடலங்கா பெரியவரே, நல்லா வேவும்"னுச்சு.

இப்ப என்ன பண்ணணுங்கிறியா? ஒண்ணும் பண்ண வேணாம். அட்டையை ஆட்டுப்பட்டி மாதிரி குடும்பம் குடும்பமா அடுக்கு. தெனம் அந்த இங்கிலீஷ் பேப்பர்ல ஒரு தலையங்கம் எனக்குப் படிச்சுத் தமிழ்ல சொல்லு. எனக்குப் புரியலைன்னா ஒனக்குப் புரியலைன்னு வெச்சுக்கலாம். கூலி உண்டு, கற்பகாம்பாள் மெஸ்ல நெய் ரோஸ்ட்டு. கட்டுல ஒரு நாளைக்கு எட்டு அட்டைக்கு மேல தொடாதே. காய விடு.

எங்க எழுந்திரிச்சே? என்னது, போன் அடிக்குதா? என் போனா? சார்ஜுல போட்டிருந்தேன், எடுத்துப் பேசு, யாருன்னு கேளு. ஊர்லேருந்தா இருக்கும், மேட்டூர் தொறந்து பத்து நாளாச்சு, தண்ணி நம்ம மடைக்கு வந்திருக்கணும்...

என்னடா சிரிச்சுக்கிட்டே வர்றே? யாரு?

"தாத்தா, ஒங்க ரைவல் லைன்ல இருக்காரு."

குடு இப்படி. ... அலோ! சொல்லுப்பா, தண்ணி வந்துடுச்சா?